பாய்மரப் படகில் முதல் பாடம்: திரும்பி வரும் வழி

ஜூலை மாதக் காலையில் கிராண்ட் பே கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் குளம் போலக் கிடக்கும். மொரீசியசில் புதிதாகப் பாய்மரப் படகு ஓட்ட வருபவர்கள் பலர் ஏமாறுவது அந்த அமைதியைப் பார்த்துத்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே தென்கிழக்குக் காற்றின் ராஜ்யம். கிராண்ட் பேயின் வாய் திறந்திருப்பதோ வடமேற்கே. அதாவது காற்று நிலத்தைத் தாண்டி வந்து, நம் முதுகில் பட்டு, கடலைப் பார்த்துப் போகிறது. மரமும் கட்டடமும் மறைப்பதால் கரையோரம் அலை எழும்ப வழியில்லை. சில நூறு மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் காற்றின் உண்மையான பலம் தெரியும்.

எனக்கு அது நாற்பது வயதில் தெரிந்தது. மூன்று பாடம் முடித்த தைரியத்தில் சின்னப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பத்தே நிமிடத்தில் வெகுதூரம் வந்துவிட்டேன், அவ்வளவு சுகமான ஓட்டம். படகைத் திருப்பினேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர படகு கரைப் பக்கம் நகரவில்லை. கடைசியில் ஒரு மீனவர் தன் பிரோக்கில், அதாவது இங்கத்திய சின்ன மீன்பிடிப் படகில், கயிறு கட்டி இழுத்து வந்தார். அவர் திட்டவில்லை. திரும்பி வர என்ன யோசித்து வைத்திருந்தாய் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

காரணம் எளிது. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது. காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி வரை பாய் வேலை செய்யாது. அதனால் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்துதான் ஏறி வர வேண்டும். கணக்குப்படி ஒரு கிலோமீட்டர் நேர்வழி 1.4 கிலோமீட்டர் ஆகும். பழகாத கையில் படகு பக்கவாட்டில் நழுவுவதால் அது இன்னும் நீளும். போவதற்குப் பத்து நிமிடம் என்றால் வருவதற்கும் பத்து நிமிடம் என்று நினைப்பதுதான் தொடக்கக்காரரின் பெரிய தவறு. முதலில் காற்றை எதிர்த்து ஏறுங்கள். களைத்த பிறகு காற்றே உங்களைக் கரைக்குக் கொண்டுவரட்டும். கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் நாளில், பயிற்சியாளரின் மோட்டார் படகு பக்கத்தில் இல்லாமல் பாயை ஏற்றவே வேண்டாம்.

காற்றின் வேகத்தையும் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். கடலில் காற்றின் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வோம், ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். 10 நாட் காற்று 20 நாட் ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டுக்குச் சரி. கற்றுக்கொள்பவருக்கு 6 முதல் 10 நாட் போதும். பெரும்பாலும் வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும், அதனால் காலையிலேயே தொடங்குவது நல்லது. வாக்குவாவிலிருந்து வானிலை நிலையம் தரும் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் பருவம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது கயிறு. 'ஷீட்' என்றதும் பாய் என்று நினைத்துவிடுகிறார்கள். பாயை இழுத்துத் தளர்த்தும் கயிறுக்குத்தான் அந்தப் பெயர், பிரெஞ்சில் எகூட். படகு சாயத் தொடங்கியதும் பயத்தில் அந்தக் கயிற்றையே இறுக்கிப் பிடிப்போம். பயந்த கை பிடியை விடாது, அது மனித இயல்பு. ஆனால் கயிறு இறுகினால் பாய் இன்னும் காற்றை வாங்கும், படகு இன்னும் சாயும். விடுங்கள். கயிற்றை விட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை விட்டுப் பழகுங்கள். அதே காரணத்துக்காகக் கயிற்றை ஒருபோதும் கட்டிவைக்கக் கூடாது.

சுக்கான் தடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு மணி நேரக் குழப்பம், அப்புறம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பாயின் அடியில் இருக்கும் கட்டை, அதாவது பூம், அப்படியல்ல. காற்று பின்னாலிருந்து வரும்போது திருப்பினால் அது ஒரே வீச்சில் மறுபக்கம் பாயும். தலையைக் குனியாமல் திருப்பக் கூடாது.

படகு கவிழ்ந்தால் என்ன செய்வது? எங்கள் மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளைகளைத் தடுப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து இங்கே வந்த நம் கைவினைஞர்கள் பாய்க்கப்பலில் வந்தவர்கள். ஆனால் இன்று நம்மில் பலருக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கரைச் சாப்பாடுதான். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். சின்னப் படகு கவிழ்வது விபத்து அல்ல, பாடத்தின் ஒரு பகுதி. படகு மூழ்காது. முனையைக் காற்றின் பக்கம் திருப்பி, கயிற்றைத் தளர்த்தி, அடியில் நீட்டியிருக்கும் பலகையின் மேல் உடம்பின் எடையைப் போட்டால் மெதுவாக நிமிரும். தவறு எதுவென்றால், படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்துவது. அலைக்கு நடுவே ஒரு தலை யார் கண்ணுக்கும் படாது, கவிழ்ந்த படகு படும். உயிர்காப்பு ஜாக்கெட்டை நெஞ்சோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தளர்வாகப் போட்டால் தண்ணீரில் அது மட்டும் மேலே ஏறும்.

காலுக்கு ரப்பர் காலணி கட்டாயம். இங்கே லாஃப் என்று சொல்லும் கல்மீனும் முள்ளெலி போன்ற கடல் முள்ளிகளும் ஆழமில்லாத இடத்தில்தான் இருக்கும். தொப்பி, தண்ணீர், நீளக்கைச் சட்டை.

இரட்டை உடல் கொண்ட பெரிய கட்டமரான் படகில் உல்லாசப் பயணம் நாலு முறை போய்விட்டு, தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரிய படகு நம் தவறுகளை மறைத்துவிடும். சின்னப் படகு ஒவ்வொன்றையும் உடனே காட்டும். அதில்தான் தொடங்க வேண்டும். முதல் நாள் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: படகைக் கவிழ்த்து, நானே நிமிர்த்திப் பார்க்கட்டுமா?