வெடிபொருளை லாரியில் அனுப்பும்போது பொதியிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெடிபொருள் ஏற்றிய வண்டி சாலையில் தீப்பிடித்தால், ஓட்டுநர் வேகமாக வந்தாரா, புகைபிடித்தாரா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். பூட்டிய கதவுக்குப் பின்னால் உள்ள பெட்டிகளை அவர் திறந்து பார்க்க முடியாது என்பதால், பொதி கட்டியவர் செய்த தவற்றின் விளைவையும் பெரும்பாலும் அவரே சுமக்க நேர்கிறது.

1989 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில், ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள பலவகை வெடிபொருள்களை ஏற்றி வந்த வேன், தொழிற்பேட்டை வளாகம் ஒன்றில் வேகத்தடையைக் கடந்ததும் உள்ளே தீப்பற்றியது. சில நிமிடங்களில் சரக்கு முழுவதும் வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மின்சாரம் பாய்ந்ததும் பற்றிக்கொள்ளும் மருந்து பூசிய சிறு தீமூட்டி முனைகள், அங்கீகரிக்கப்படாத, பாதுகாப்பற்ற பொதியில் வைக்கப்பட்டிருந்ததே தீ தொடங்கக் காரணம் என விசாரணை கண்டறிந்தது. வண்டியில் இருந்தவற்றுள் அந்த முனைகள் மிகச் சிறிய பகுதியே. மற்ற வெடிபொருள்கள் அவற்றோடு ஒரே வண்டியில் இருந்ததால்தான் சேதம் அவ்வளவு பெரிதாயிற்று.

கையில் கிடைத்த டப்பாவில் அடைத்து அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. அபாயகரமான சரக்குகளுக்கான ஐ.நா. மாதிரி விதிகள், ஒவ்வொரு வகை வெடிபொருளுக்கும் உள்பொதியும் வெளிப்பொதியும் எப்படி இருக்க வேண்டும் என்று தனித்தனியே வரையறுக்கின்றன. வெளிப்பெட்டியின் ஆணியோ கம்பிப்பின்னோ உள்ளே நீட்டிக்கொண்டிருந்து வெடிபொருளைத் தொடக்கூடாது. உலோகப் பகுதியுள்ள பொருள் உலோகப் பெட்டியோடு உரசக்கூடாது. வழக்கமான குலுக்கலில் உள்ளிருப்பவை நகரவோ அவிழவோ கூடாது. பிளாஸ்டிக் பொதியாக இருந்தால் ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு நிலைமின்னேற்றம் சேரக்கூடாது. பெட்டி கனமாகவும் உறுதியாகவும் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவோர், ஆபத்து உட்பக்கத்தில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

அங்கீகார முத்திரையுள்ள பழைய பெட்டியை வேறொரு பொருளுக்குப் பயன்படுத்துவதும் பிழையே. குறிப்பிட்ட பொருளையும் எடையையும் உள்ளமைப்பையும் கொண்டு சோதிக்கப்பட்ட வடிவமைப்புக்குத்தான் அந்த முத்திரை பொருந்தும். முந்தைய சரக்கின் அபாயக் குறியை அழிக்காமல் விட்டுவிட்டால், தீயணைக்க வருபவர்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்பது என்பதையே தவறாக முடிவு செய்யக்கூடும்.

வெடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு குழலான டெட்டனேட்டரையும், பாறை தகர்க்கும் வெடிமருந்தான ஜெலட்டினையும் ஒன்றாக ஏற்றுவது அடுத்த தவறு. ஐ.நா. வகைப்பாட்டில் டெட்டனேட்டர்கள் பொதுவாக பி என்ற ஒத்திசைவுப் பிரிவிலும் (எவற்றை ஒன்றாக ஏற்றலாம் என்பதைக் காட்டும் பிரிவு) ஜெலட்டின் குச்சிகள் டி பிரிவிலும் வருகின்றன. ஒன்றின் வெடிப்பு மற்றதற்குப் பரவாது என்று அங்கீகரிக்கப்பட்ட தனிப் பெட்டியோ தடுப்பறையோ இருந்தாலன்றி, இரண்டையும் ஒரே வண்டியில் வைக்கக்கூடாது. இடையில் ஒரு தார்ப்பாயை மடித்து வைப்பது எந்த விதியிலும் தடுப்பாகக் கருதப்படுவதில்லை.

சரக்கு ஏற்றும்போது பெட்டியைக் கொக்கியால் இழுப்பது, எறிவது, உருட்டுவது ஆகியவை கூடாதென்பது பலருக்கும் தெரியும். வழியில் பெட்டி கிழிந்தோ ஈரமாகியோ இருப்பதைக் கண்டால், சாலையோரத்திலேயே டேப் ஒட்டிச் சரிசெய்து பயணத்தைத் தொடரும் வழக்கம்தான் இன்னும் மறையவில்லை. அந்நிலையில் வண்டியைக் குடியிருப்புகளை விட்டு விலக்கி நிறுத்தி, பொதியைத் தொடாமல், அனுப்பிய நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். மறுபொதியிடும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது.