அத்தியா, பேயத்தியா? இலையைத் தடவிப் பாருங்கள்

கொள்ளிடக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்து நிற்கும் மரத்தையெல்லாம் அத்தி என்று நினைத்துவிடாதீர்கள். பேயத்தியும் அப்படித்தான் காய்க்கும்.

முதலில் இலையைத் தடவுங்கள். அத்தி இலை வழவழப்பாக, கிளையில் மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும்; மேலே கொப்புளம் போலப் புடைப்புகளும் தெரியும், அது பூச்சி வேலை. பேயத்தி இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பெரும்பாலும் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். காயிலும் சுணை உண்டு. அதைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம்.

அத்திப் பிஞ்சு கூட்டுக்கு அருமை. நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போட்டால் பால் பிசுக்கும் போகும், கறுக்கவும் செய்யாது. சிவந்த பழத்தைப் பிட்டுப் பார்க்காமல் வாயில் போடாதீர்கள். பூக்கள் உள்ளேதான் இருக்கின்றன. மகரந்தம் கொண்டுவரும் குளவி துளியூண்டு துளை வழியாக நுழைகிறது. பிட்டால் சில சமயம் சின்னப் பூச்சிகள் பறக்கும்.

அப்புறம், கன்று நடுவதென்றால் ஈரம் நிற்கும் படுகை ஓரம் சரி. வீட்டுச் சுவர், கிணறு பக்கம் வேண்டவே வேண்டாம், வேர் அவற்றைச் சும்மா விடாது.