ஸ்போர் மரபணுக்களை எந்தப் புரதம் இயக்குகிறது? ஒரு தாளில் வரைந்து புரிந்துகொள்வோம்

குன்னூர், ஊட்டி பக்கம் நுண்ணுயிரியல் படிக்கச் சேரும் பிள்ளைகள் பலர் ஸ்போர் உருவாகும் பாடத்தின் பெயர்களை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எது எதைத் தடுக்கிறது என்று வரைந்து பார்த்தால் பெயர்கள் தானாகவே மனதில் நிற்கும். தாளும் இரண்டு நிறப் பேனாக்களும் போதும். நாம் எடுத்துக்கொள்வது மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா. உணவு தீரும்போது இது வெப்பத்தையும் தாங்கும் உறக்கநிலைச் செல்லை உருவாக்குகிறது; அதுதான் ஸ்போர்.

படி 1. நீளமான ஒரு செல்லை வரையுங்கள். நடுவில் ‘ஸ்போ0ஏ’ என்று எழுதுங்கள். இதுதான் தலைமைப் புரதம். ஆனால் பாஸ்பேட் ஏறாத வரை அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

படி 2. அந்த பாஸ்பேட் வரும் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள்: கின்ஏ → ஸ்போ0எஃப் → ஸ்போ0பி → ஸ்போ0ஏ. உணவு தீரும்போது கின்ஏ என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. பிறகு அது கை மாறிக் கை மாறிப் போகிறது.

நேராகவே கொடுத்துவிடலாமே, எதற்கு இத்தனை கை? இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஸ்போர் முழுதாக உருவாக 7, 8 மணி நேரம் ஆகும்; ஒரு கட்டத்தைத் தாண்டினால் திரும்பவும் முடியாது. அதனால் வழி நெடுக நிறுத்தும் இடங்கள் வேண்டும். டிஎன்ஏ சேதமாகியிருந்தால் எஸ்டிஏ என்ற சிறு புரதம் கின்ஏவைத் தடுக்கிறது. ராப் புரதங்கள் ஸ்போ0எஃப்பிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகின்றன. ஸ்போ0ஈ, கடைசிக் கட்டத்தில் ஸ்போ0ஏவிடமிருந்தே கழற்றுகிறது. இந்த மூன்றையும் சிவப்பு மையில் குறியுங்கள். பாடத்தின் உயிர் இந்தச் சிவப்புக் கோடுகளில்தான் இருக்கிறது.

படி 3. பாஸ்பேட் ஏறிய இரண்டு ஸ்போ0ஏ ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் உட்காருகின்றன. அளவு குறைவாக இருக்கும்போது ஏபிஆர்பி மரபணுவை அடக்குகின்றன. ஏபிஆர்பி புரதம்தான் சிக்மா எச்சைத் தடுத்து வைத்திருந்தது (சிக்மா என்பவை எந்த மரபணுவைப் படிக்க வேண்டும் என்று காட்டும் புரதங்கள்). அந்தத் தடை விலகியதும் சிக்மா எச் கூடுகிறது, அதனால் ஸ்போ0ஏவும் கூடுகிறது. அளவு நன்றாக ஏறிய பிறகுதான் ஸ்போ2ஏ, ஸ்போ2ஈ, ஸ்போ2ஜி மரபணுக்கள் இயங்கத் தொடங்கும்.

படி 4. செல்லின் ஒரு முனைக்கு அருகே குறுக்குச் சுவர் போடுங்கள். சின்ன அறை ஸ்போராகும், பெரியது தாய்ச்செல். சின்ன அறையில் சிக்மா எஃப்பை ஸ்போ2ஏபி என்ற புரதம் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்போ2ஈ, ஸ்போ2ஏஏ என்ற இன்னொரு புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. அப்புறம் ஸ்போ2ஏஏ போய் ஸ்போ2ஏபியைப் பிடித்துக்கொள்ள, சிக்மா எஃப் விடுபடுகிறது. அடுத்து தாய்ச்செல்லில் சிக்மா ஈ, சின்ன அறையில் சிக்மா ஜி, மறுபடி தாய்ச்செல்லில் சிக்மா கே. இந்த வரிசையை இப்போதைக்குக் குறித்துக்கொண்டால் போதும்.

படி 5. சரி, கண்ணால் பார்க்க வேண்டாமா? தோட்ட மண் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, அகார் தட்டில் பரப்புங்கள். வளர்வதில் பெரும்பாலானவை ஸ்போர் உண்டாக்கும் வகைகள்தான். சில நாள் கழித்து மாலகைட் பச்சை என்ற சாயத்தை ஆவியில் ஏற்றி, கழுவி, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் இடுங்கள். ஸ்போர் பச்சையாகவும் மற்ற செல் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

வேலை முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவி) வையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அழுத்தமானி 15 பவுண்டு காட்டும்போது உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி, வெப்பமானி 121ஐத் தொட்ட பிறகே 15 நிமிடத்தை எண்ணத் தொடங்குங்கள்.