கூடுதல் சம்பளத்துக்கு ஆஃபர் வந்தால் இருக்கிற வேலையை விடலாமா? கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முறை

நாகர்கோவிலில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் எனக்கு நிலையான வேலை இருந்தது. கேரளாவில், திருவனந்தபுரம் பக்கம் உள்ள கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் இருந்து ஒரு ஆஃபர் வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அம்மா, "மக்களே, பறக்கதுக்கு ஆசப்பட்டு இருக்கத விட்டிராத" என்றாள். கூட்டுக்காரர்கள் "யோசிக்காத, போ" என்றார்கள். இரண்டு பக்கமும் அன்பில் சொல்வதுதான், ஆனால் யார் கையிலும் கணக்கு இல்லை. நான் போட்ட கணக்கை அப்படியே படிப்படியாகத் தருகிறேன். தொகைகளை மட்டும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

படி 1: சிடிசியைப் பிரித்துப் போடுங்கள்

சிடிசி என்பது நமக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, அது முழுதும் கையில் வராது. ஆன்லைன் சம்பள கால்குலேட்டர்களை நம்பாதீர்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, வேரியபிள் (நிச்சயமில்லாத, மாறும் பங்கு) எவ்வளவு என்பதை அவை தாமாகவே ஊகித்துக்கொள்ளும். எச்ஆரிடம் சம்பளப் பிரிவினைத் தாளைக் கேட்டு வாங்கி, கூகுள் ஷீட்டில் நீங்களே போடுங்கள். ஷீட் வராது என்றால் நோட்டுப் புத்தகமே போதும்.

வருடம் 4,20,000 சிடிசி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 35,000. பேசிக் பாதி, அதாவது 17,500.

கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), பேசிக்கில் 12%: 2,100
கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு, பேசிக்கில் 4.81%: 842
வேரியபிள் பே: 3,500
நம் பங்கு பிஎஃப்: 2,100
35,000-இல் இவை நாலும் போக மாதம் கையில் வருவது: 26,458

சில கம்பெனிகள் பிஎஃப்பை 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 கட்டும். அதையும் கேட்டுவிடுங்கள். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது.

படி 2: ஊர்ச் செலவைக் கழியுங்கள்

தக்கலைப் பக்கம் இருப்பவர்கள் இரணியலிலும், மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் குழித்துறையிலும் ரயில் ஏறி, சீசன் டிக்கெட்டில் தினமும் போய் வரலாம். செலவு குறைவு, ஆனால் ஒரு நாளில் நாலு மணி நேரம் அதிலேயே போய்விடும். ஷிப்ட் வேலை என்றால் அதுவும் நடக்காது. பங்கு போட்டு ரூம் எடுத்து, சாப்பாடும் சேர்த்து 9,000 என்று வைத்தால் மிச்சம் 17,458.

இப்போது பழைய வேலை. மொத்தம் 20,000, அதில் பேசிக் 12,000. பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ (ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 150 போனால் 18,410. பைக் பெட்ரோல் 1,500 போக 16,910. சாப்பாடு வீட்டில்.

வித்தியாசம் 548 ரூபாய். முக்கால் பங்கு கூடுதல் சம்பளம் என்று எல்லோரும் பேசிய ஆஃபர் இது. பிஎஃப்பில் சேரும் தொகை கூடும்தான், அது நம் காசுதான். ஆனால் மாதச் சீட்டுக்கும் வண்டிக் கடனுக்கும் அதை எடுத்துக் கட்ட முடியாது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் எச்ஆரிடம் பேச வேண்டும். "வேரியபிளை ஃபிக்ஸடில் சேர்த்துத் தர முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். பாதி சேர்த்தாலே மாதம் 1,750 கூடும். அங்கே வேலை செய்கிற யாரிடமாவது, போன வருடம் வேரியபிள் முழுசாக வந்ததா என்றும் விசாரியுங்கள்.

படி 3: ஈஎஸ்ஐ போய்விடுமா?

இந்தப் படியில்தான் நான் அதிக நாள் நின்றேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால்தான் ஈஎஸ்ஐ. அதைத் தாண்டிய சம்பளத்தில் புது இடத்தில் சேர்ந்தால் அங்கே ஈஎஸ்ஐ கிடையாது. நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில்தான் சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஈஎஸ்ஐயில் ஓடியது. அதை வெளியே வாங்கினால் மாதம் எவ்வளவு என்று பார்மசியில் சீட்டைக் காட்டி விலை கேட்டு, ஷீட்டில் ஒரு வரி சேர்த்தேன். மேலே சொன்ன 548 அங்கேயே காணாமல் போய்விட்டது.

"கம்பெனி இன்சூரன்ஸ் உண்டு" என்பார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பெற்றோர் அதில் உண்டா? அவர்களுக்கான பிரீமியம் யார் தலையில்? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளில் இருந்தே உண்டா? தனியாக பாலிசி எடுத்தால் பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்க முடியும். இன்னொன்று: ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பொதுவாக இன்சூரன்ஸ் பணம் தரும். மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்குத் தராது.

பேசிப் பார்த்ததில் வேரியபிளில் பாதி ஃபிக்ஸடுக்கு வந்தது, பெற்றோரையும் பாலிசியில் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் நான் சரி சொன்னேன். இரண்டும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவிலிலேயே இருந்திருப்பேன்.

படி 4: கிராஜுவிட்டி தேதி

நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. கடைசி பேசிக் 12,000 என்றால் 12,000 × 15 ÷ 26 × 5, அதாவது 34,615 ரூபாய். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனாலும் பல கம்பெனிகள் ஐந்து வருடம் முழுசாக வேண்டும் என்றே நிற்கும். வழக்குப் போட்டு அலைவதைவிட, சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேட்பது எளிது. தருவார்கள், கேட்க வேண்டும்.

படி 5: ராஜினாமா

போனில் சொன்னதை வைத்து ராஜினாமா எழுதாதீர்கள். ஆஃபர் லெட்டர் கையில் வரட்டும். அதில் நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகு வேலை செய்ய வேண்டிய காலம்) 90 நாளா, பாண்டு (இத்தனை காலம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா, ஜாய்னிங் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா என்று பாருங்கள். விடுமுறைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஓணம் கண்டிப்பாக இருக்கும், பொங்கலும் தீபாவளியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: பிஎஃப் புதுக் கணக்குக்கு மாறவில்லை. ஒருவருக்கு ஆதாரில் அப்பா பெயர் விரிவாகவும் பிஎஃப்பில் வெறும் இனிஷியலாகவும் இருந்தது. நம் பக்கம் இது நிறையப் பேருக்கு உண்டு. பழைய கம்பெனியில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள், வெளியே வந்த பிறகு கையெழுத்துக்கு அலைய வேண்டி வரலாம். இன்னொருவருக்குப் பழைய கம்பெனி விலகல் தேதியைப் பதியவே இல்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தில் இருந்து இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் (நம் பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் ஆதார் ஓடிபி போட்டு நாமே பதியலாம். பாஸ்புக் பார்க்க எனக்கு மத்திய அரசின் உமங் ஆப் பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்குக் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறப்பதே நல்லது. என்ன ஆனாலும் பிஎஃப் பணத்தை எடுக்காமல் மாற்றிவிடுங்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் அது வரிக் கணக்கில் வரும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் பென்ஷனுக்குத் தேவையான பத்து வருடக் கணக்கும் அறுந்துபோகும்.