நெடுந்தூர நடையை எழுதும்போது: மனிதரா, நிலமா?

நெடுந்தூர நடைப்பயணம் ஒன்றை முடித்துவிட்டு எழுத உட்காருபவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு குழப்பம் வரும். வழியில் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுவதா, நடந்து கடந்த நிலத்தைப் பற்றி எழுதுவதா என்பதே அது. மனிதர்களைப் பற்றி எழுதினால் மலை வெறும் பின்திரையாகிவிடுகிறது. மலையைப் பற்றி எழுதினால் நான்கு பத்திகளுக்குள் வாசகர் கொட்டாவி விடுகிறார். பாதிக்குப் பாதி என்று பங்கு பிரிப்பது இதற்கு மருந்தாகாது. ஒரு காட்சியை எழுதத் தொடங்கும் முன் அந்த மனிதரை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிறுத்தியது எது என்று கேட்டுப் பார்ப்பதும், அந்த இடத்தை எனக்குக் காட்டித்தந்தது யார் என்று கேட்டுப் பார்ப்பதும் எனக்குப் பயன்பட்ட வழிகள். இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், எதற்கு எத்தனை வரி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருக்கமாகப் பார்ப்போம். பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நடைத்தடம் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கி.மீ. நீள்கிறது. அதன் சியரா நெவாடா மலைப் பகுதியைக் கோடைத் தொடக்கத்தில் கடப்பவர்கள், பனி உருகி ஓடும் ஆறுகள் பலவற்றைப் பாலமில்லாமல் இறங்கிக் கடக்கவேண்டியிருக்கும். பகல் வெயிலில் உருகிய நீர் மேலிருந்து வந்து சேரச் சில மணி நேரம் ஆவதால் ஆறு பிற்பகலிலும் மாலையிலும் பெருகியிருக்கும். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, விடியற்காலையில் வடிந்திருக்கும். ஆகவே மாலையில் கரைக்கு வருபவர் கடக்க முயலாமல் அங்கேயே கூடாரம் அடிக்கிறார். அவருக்குப் பின்னால் வருபவரும் அதையே செய்கிறார். இருட்டுவதற்குள், ஒருவர் பெயரை ஒருவர் அறியாத நான்கைந்து பேர் ஒரே கரையில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்த மாலையைப் பழக்கமில்லாதவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: “அன்று ஆற்றங்கரையில் அருமையான நண்பர்கள் சிலரைச் சந்தித்தேன். இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆறு கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.” இதில் நண்பர்களும் இருக்கிறார்கள், ஆறும் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை. அதே மாலையை, மாதிரிக்காக, நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“ஐந்து மணிக்கு ஆறு தொடைக்கு மேல் ஓடியது. நடுவில் ஒரு பாறை மூழ்கியிருந்த இடத்தில் தண்ணீர் முதுகை வளைத்து எழும்பியது. எனக்கு முன்பே வந்திருந்த பெண் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைத்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அரைமணிக்கு ஒருமுறை எங்களில் ஒருவர் எழுந்துபோய் அந்தக் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து, மற்றவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். விடியும் முன் விளக்கடித்துப் பார்த்தபோது குச்சி கரைமேல் நின்றது, பாறை தலைகாட்டியிருந்தது. பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டு வரிசையாக இறங்கினோம்.”

இரண்டாவது பத்தி மனிதர்களைப் பற்றியதா, இயற்கையைப் பற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆறுதான் அவர்களைக் கூட்டியது. அவர்களுடைய குச்சிதான் ஆறு வடிவதைக் காட்டியது. இடுப்பு வாரை அவிழ்ப்பது, ஒருவேளை நீர் இழுத்துவிட்டால் பையை உடனே கழற்றி எறிவதற்காக. அந்த ஒரு செயலிலேயே ஆற்றைப் பற்றிய அச்சம் சொல்லப்பட்டுவிடுகிறது என்பதால் “பயமாக இருந்தது” என்று தனியாக எழுதத் தேவையில்லை.

இத்தகைய பத்தி வீட்டு மேசையில் பிறப்பதில்லை. வழியில் எடுத்த குறிப்பில் பிறக்கிறது. குறிப்பேட்டைப் பொறுத்தவரை நான் ஒருபக்கச் சார்புள்ளவன்: அதில் நிலத்துக்கே முன்னுரிமை தரவேண்டும் என்பேன். மனிதர்கள் சொன்னதை நாம் அடுத்த முகாமில் இன்னொருவரிடம் திரும்பச் சொல்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அது நினைவில் நிலைத்துவிடுகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எத்தனை மணிக்குப் பறவைகள் அடங்கின, காலடியில் சரளையா சருகா என்பவற்றை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அன்று மாலைக்குள் அவை போய்விடும். என் முதல் நீண்ட நடையில் நான் தூரத்தையும் உரையாடல்களையும் மட்டுமே எழுதிவைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது, பதினொரு நாள் நடந்த காடு எல்லாப் பக்கங்களிலும் “அடர்ந்த காடு” என்ற இரண்டே சொற்களாக இருந்தது. அந்தப் பதினொரு நாளையும் இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை.

எனவே ஒரு நாளில் மூன்று முறை, அதாவது புறப்பட்ட ஒரு மணி நேரத்தில், நடுப்பகலில், கூடாரம் அடித்தபின், நான்கைந்து வரியாவது எழுதுங்கள். நேரம், உயரம், காற்றின் திசை, முதலில் காதில் விழுந்த ஒலி, கையால் தொட்ட ஏதாவது ஒன்று. பேனாவைவிடப் பென்சில் நல்லது. குளிரில் பந்துமுனைப் பேனாவின் மை கெட்டியாகித் தடைபடும், மற்றப் பேனாக்களின் மை மழைபட்டால் பரவவும் கூடும். கைப்பேசியில் பேசிப் பதிவு செய்வது எளிதுதான், ஆனால் குளிரில் அதன் மின்கலம் வேகமாக இறங்கும் என்பதோடு, பேசும்போது நாம் நமக்கே கதைசொல்லத் தொடங்கிவிடுகிறோம் என்பதும் என் அனுபவம். பெயர் தெரியாத செடியை “பெயர் தெரியாத செடி” என்றே எழுதி, இலையின் விளிம்பை வரைந்துகொள்ளுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அப்படித் தேடுவது வீண்வேலை அன்று. அப்பலாச்சியன் டிரெயில் அமெரிக்காவின் கிழக்கில் ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறக்குறைய 3,500 கி.மீ. செல்கிறது. அதன் ஓரத்தில் பல இடங்களில், ரம்பப் பல் போன்ற விளிம்புடைய நீண்ட இலைகளோடு, ஆளுயரமோ சற்று அதிகமோ உள்ள ஒரு கன்று நிற்கும். நடப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள். அது அமெரிக்கச் செஸ்நட் மரம். 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் இந்த இனத்தின் பல நூறு கோடி மரங்களை அழித்தது. வேரை அந்தப் பூஞ்சை எளிதில் கொல்வதில்லை. ஆகவே வேரிலிருந்து கன்று துளிர்க்கிறது, சில ஆண்டு வளர்கிறது, பட்டை வெடிக்கும் பருவம் வந்ததும் நோய் பற்றிச் சாகிறது, மறுபடி துளிர்க்கிறது. இதை அறிந்தவர் “அடர்ந்த காடு” என்று எழுதமாட்டார். தான் நடப்பது ஒரு காடு இருந்த இடத்தில் வளர்ந்த இன்னொரு காடு என்று அவருக்குத் தெரியும். அந்தப் பூஞ்சை ஆசியாவிலிருந்து மரக்கன்றுகளோடு கப்பலேறி வந்தது என்பதால், ஆளே இல்லாத அந்தக் காட்டுக்குள்ளும் மனிதக் கதை ஒன்று வந்துவிடுகிறது.

நிலத்தை எழுதும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். காட்சி முனைக்கு வண்டியில் வந்து இறங்கியவரும் எழுதக்கூடிய வரியை, மாதக்கணக்கில் நடந்தவர் எழுதுவதில் பொருளில்லை. நடந்தவருக்கு மட்டும் தெரிவது, நிலம் மெல்ல மெல்ல மாறும் விதம். பூச்சியியலாளர் ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ் 1918-இல் ஒரு தோராயமான விதியைச் சொன்னார்: வடஅமெரிக்காவில் வசந்தம் அட்சரேகையில் ஒரு பாகை வடக்கே போக நான்கு நாளும், 400 அடி உயரே ஏற நான்கு நாளும் தாமதமாகும். ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ.; ஆக வசந்தம் நாளொன்றுக்கு 28 கி.மீ. வேகத்தில் வடக்கே நகர்கிறது. இது ஏறத்தாழ ஒரு நல்ல நடையாளரின் ஒரு நாள் தூரம். மார்ச்சில் ஜார்ஜியாவில் புறப்படுபவர் வசந்தத்தின் பக்கத்திலேயே நடக்கிறார். தடம் வளைந்து வளைந்து செல்வதால் நாளடைவில் அது அவரை முந்திக்கொள்கிறது. ஒரே நாளில் 2,000 அடி ஏறினால், கணக்குப்படி இருபது நாள் பின்னோக்கிப் போய்விடுகிறார்: காலையில் அடிவாரத்தில் இலைவிட்டிருந்த மரம், மாலையில் மேட்டில் மொட்டாக நிற்கும். இதைக் கவனித்து எழுதுவதற்கு உரைநடை மேதையாக இருக்கவேண்டியதில்லை; ஒரே மரத்தைத் தொடர்ந்து பத்து நாள் பார்த்துக் குறித்திருந்தால் போதும்.

மனிதர்கள் விஷயத்தில் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. அங்கே குறைக்கத் தெரியவேண்டும். நீண்ட தடத்தில் நூறு பேரைச் சந்திப்போம். நூறு பேரும் எழுத்துக்குள் வந்தால் யாருமே வந்ததாகாது. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டவர்கள் மூவரோ நால்வரோ போதும். மற்றவர்கள் ஒரு வரியில் கடந்துபோகட்டும். அவர்களையும் குணத்தை வைத்து அல்லாமல் சுமையை வைத்து அறிமுகப்படுத்திப் பாருங்கள். 1955-இல் எம்மா கேட்வுட் தம் 67-ஆம் வயதில் அப்பலாச்சியன் டிரெயிலை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். அப்படி முடித்த முதல் பெண் அவரே. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். அவருக்கு மனவுறுதி இருந்தது என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். முதுகுப்பையும் கூடாரமும் இல்லாமல், தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் காலணியோடு நடந்தார் என்று எழுதினால், அவர் எப்படிப்பட்டவர் என்பதை வாசகரே சொல்லிக்கொள்வார்.

எந்தத் தடம் என்பதும் விகிதத்தை மாற்றும். ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை வழியில் ஒரு நாளைக்குச் சில ஊர்களையாவது கடக்கிறோம், இரவில் விடுதியின் அடுக்குக் கட்டிலில் பிறர் குறட்டைக்கு நடுவே தூங்குகிறோம். அங்கே மனிதரை ஒதுக்கிவிட்டு எழுதுவது பொய்யாகிவிடும். அப்பலாச்சியன் டிரெயிலில் 250-க்கும் மேற்பட்ட தங்குகொட்டகைகள் உண்டு. அவற்றிலுள்ள பதிவேடுகள் வழியாக, முன்னால் போனவரோடு பேச முடிகிறது. அமெரிக்காவின் ராக்கி மலைகள் வழியே, ஊர்களுக்கு நடுவே பல நாள் இடைவெளியோடு செல்லும் கான்டினென்டல் டிவைட் டிரெயிலில், ஒரு முழு நாள் யாரையும் காணாமல் போகலாம். அந்த நாளை எழுதும்போது பழைய உரையாடல் ஒன்றை இழுத்துவந்து ஒட்டாதீர்கள். யாரும் வராததுதான் அன்றைய செய்தி.

உயிரோடு இருப்பவர்களை எழுதுகிறோம் என்பதால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கத் தடங்களில் நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் எழுத்தாளருக்குப் பேருதவி. ஆனால் பட்டப்பெயரே ஒருவரை அடையாளம் காட்டிவிடும் என்பதால், துக்கத்தையோ நோயையோ பகிர்ந்துகொண்டவரிடம் கேட்காமல் எழுதக்கூடாது. அரிய செடிக்கும் பறவைக் கூட்டுக்கும் இதே விதி பொருந்தும்: கண்டதை எழுதலாம், இடத்தை எழுதவேண்டாம்.

திருத்தும்போது தொல்காப்பியத்தின் பகுப்பு ஒன்று எனக்குக் கைகொடுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள விலங்கு, மரம், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். மனத்தின் நிலை உரிப்பொருள். மக்களின் தொழிலையும் மரத்தையும் ஒரே வரிசையில் வைத்த இந்தப் பகுப்பில், மனிதரா இயற்கையா என்ற நம்முடைய வழக்குக்கே இடமில்லை. பாலைத்திணைப் பாட்டில் வழியோரம் காய்ந்து நிற்கும் மரத்தையும் பிரிவையும் தனித்தனியாக எடுக்க முடியாது. அச்செடுத்த படியில் மூன்று வண்ணப் பென்சில்களால் கோடிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கம் தொடர்ந்து ஒரே வண்ணமாக இருந்தால், அங்கே எதுவோ விடுபட்டிருக்கிறது. உரிப்பொருளின் வண்ணம் மட்டும் தனியாக மிதக்கும் வரிகளை, அதாவது “மனம் லேசானது”, “என்னை நானே கண்டுகொண்டேன்” போன்றவற்றை, தயங்காமல் அடித்துவிடலாம். கால் கொப்புளம், பசி, தூக்கமின்மை ஆகியவற்றை எந்த வண்ணத்தில் சேர்ப்பது என்று குழம்புவீர்கள். எனக்கும் அது தெளிவானதில்லை. உடம்பு நிலத்தைச் சேர்ந்ததா ஆளைச் சேர்ந்ததா என்று எழுபதாவது நாளில் யாரால் சொல்ல முடியும்?

கடைசி நாளை எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அப்பலாச்சியன் டிரெயிலின் வடமுனை கட்டாடின் மலையுச்சியில், 1,605 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள பலகைமேல் ஏறிநின்று எடுத்த புகைப்படத்தோடு கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. ஆனால் உச்சியில் யாரும் தங்கிவிட முடியாது. நடை முடிந்த பிறகும் அன்றே எட்டுக் கி.மீ. அளவுக்குப் பாறை வழியே இறங்கவேண்டும். வந்த வழியே திரும்புபவர், ஐந்தாறு மாதமாகத் தொடர்ந்து வந்த, வழிகாட்டத் தீட்டிய அதே வெள்ளைக் குறிகளை முதன்முறையாக எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு இறங்குவார். எதிரே, இன்னும் உச்சியைத் தொடாதவர்கள் ஏறிவருவார்கள், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பார்கள். அந்த இறக்கத்தில் குறிப்பேட்டைத் திறந்து, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும், அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.