ஆஸ்கரோடு யாரைச் சேர்க்கலாம்?

ஆஸ்கர் மீன் ஒரு அடி வரை வளரும், வாயில் நுழைகிற எதையும் விழுங்கிவிடும். அதனால் பெங்களூர் சிவாஜிநகர் கடையில் இரண்டு அங்குலக் குட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு மூன்றடித் தொட்டி வாங்காதீர்கள். ஆஸ்கர், ஜாக் டெம்ப்சி மீன், கூடவே ஒரு சில்வர் டாலர் மீன் கூட்டம் என்று கலந்து வளர்க்க ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 680 லிட்டர். சண்டைக்கார மீனான ஃபிளவர்ஹார்னைத் தனியாகவே வையுங்கள்.

எல்லாம் ஒரே அளவுக் குட்டிகளாக வாங்கி ஒரே நாளில் விடுங்கள். பிறகு புதிதாக ஒன்று வந்தால், கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி, பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்து, அப்புறம் விடுங்கள். தன் எல்லை எது என்று யாருக்கும் தெரியாத அந்த முதல் இரவு ரொம்ப முக்கியம். என் டெம்ப்சி ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நிறம் கறுத்து, வால் கிழிந்து ஒட்டி நின்றது. இரண்டு நாள் விட்டுவிட்டேன், பிழைக்கவில்லை. அப்படி ஒளிகிற மீனை அன்றைக்கே தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள்.

வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கலந்து. பெங்களூர் டிசம்பருக்கு ஹீட்டர் கட்டாயம், 26 டிகிரி போதும். ஆஸ்கர் முட்டியே ஹீட்டர் கண்ணாடியை உடைக்கும், அதற்கு உறை போட்டு வையுங்கள்.