பக் பிக்ஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏனுங்க தம்பி, டிசியில தேதி தப்பா விழுகுதுங்க."

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுக்கும் கோவைக்காரர்களுக்கு இப்படித்தான் புகார் வரும், அதுவும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில். சரவணம்பட்டியில் உட்கார்ந்திருக்கும் டெவலப்பர் காலை பதினோரு மணிக்கு ஒரு டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட்டுப் பார்க்கிறார். தேதி சரியாக வருகிறது. 'எனக்குச் சரியாத்தான் வருது' என்று புகார் டிக்கெட்டை மூடிவிடுகிறார். நேரத்தை அதிகம் தின்னும் தவறு இதுதான். அடுத்த வாரம் அதே பக், அதாவது அதே கோளாறு, வேறு டிக்கெட்டாகத் திரும்பி வரும்.

எந்த டிசி, யாருடைய லாகின், எந்த வெர்ஷன், எத்தனை மணிக்குப் போட்டது? இந்த நான்கையும் கேட்காமல் புரோகிராம் கோடைத் திறக்கவே கூடாது. இங்கே கடைசிக் கேள்வியிலேயே விஷயம் பிடிபட்டுவிடும்: நைட் ஷிப்ட், ராத்திரி இரண்டு மணி. சர்வர் ஓடுவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. அதனால் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போடும் டிசிக்கெல்லாம் முந்தின நாள் தேதி விழும். பகலில் எத்தனை முறை பார்த்தாலும் இது சிக்காது. ஏப்ரல் 1 அதிகாலை டிசி மார்ச் 31 என்று விழுந்தால் நிதியாண்டே மாறிவிடும். அப்புறம் ஆடிட்டர் போன் செய்வார்.

காரணம் தெரிந்ததும் அந்த ஒரு ஸ்கிரீனில் மட்டும் 5.30 கூட்டிவிடுவது அடுத்த தவறு. பிறகு ரிப்போர்ட்டில் வேறொருவர் மறுபடி கூட்டுவார். நேரத்தை யுடிசியிலேயே சேமித்து, தேதியாக மாற்றும் வேலையை இந்திய நேரத்துக்கான ஏசியா/கொல்கத்தா டைம்ஸோன் வைத்து ஒரே இடத்தில் செய்யுங்கள். அதற்கு முன் ராத்திரி இரண்டு மணிக்குப் போடும் டிசிக்கு ஒரு டெஸ்ட் எழுதி, அது பெயில் ஆவதைக் கண்ணால் பாருங்கள். ஒருமுறையும் பெயில் ஆகாத டெஸ்டை எப்படி நம்புவது?

'போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க' என்றால் கோடை வரிவரியாகப் படிக்க வேண்டாம். கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகப் பதிந்து வைக்கும் கிட்டில், பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் கட்டளை இருக்கிறது. ஆயிரம் கமிட்டில் கோளாறு புகுந்த இடத்தைப் பத்துச் சோதனையில் காட்டிவிடும். ஒரே கமிட்டில் பிக்ஸையும் 'சும்மா கொஞ்சம் கிளீன்அப்'பையும் கலந்து வைக்கிறவர்கள்தான் இந்த வசதியைக் கெடுக்கிறார்கள்.

பலரும் மறப்பது பழைய டேட்டாவை. கோடு சரியானாலும் ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதிகள் டேட்டாபேஸில் அப்படியே கிடக்கும். அவற்றைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள்: அதே தேதியோடு பிரிண்ட் எடுத்த டிசி துணியோடு சாயப்பட்டறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். லிஸ்ட் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். எதைத் திருத்துவது, எதை விடுவது என்று அவர்கள் கணக்குப்பிள்ளை சொல்லட்டும்.